பல்வலிக்காரர்கள் பெஞ்சு

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்ச் சமூக மன்றத்தில் ஒரு நீளப் பெஞ்சு உண்டு. பலகை வழுக்கும். தச்சர் இழைத்த மெருகல்ல. வேட்டியும் சேலையும் அரைக்கால் சட்டையும் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. வருகிறவர் யாரானாலும் வாசல் முனையில் உட்கார வேண்டும். உள்முனையில் ஒருவர் எழுந்து போனால் எல்லோரும் ஒரு ஆள் அளவு நகர வேண்டும். மன்றத்தின் சட்டம் மொத்தமும் இவ்வளவுதான். அதன் வாசகம் ஒரே சொல்: "நகருங்க."

சொன்னவர் டீச்சரம்மா. லுத்தரன் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற கையோடு மன்றத்தைத் தொடங்கியவர். காலையில் கூடத்தில் பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கும். மத்தியானம் அதே இடத்தில் பெண்கள் தையல் மிஷின் மிதிப்பார்கள். சாயங்காலம் பெரியவர்கள் கேரம் ஆடி, ரேடியோ கேட்டு, புதிதாக வந்த கட்சியின் ஆட்சியைக் கவிழ்த்து, போகும்போது மறுபடி நிறுவிவிட்டுப் போவார்கள். மாதம் ஒருநாள் தஞ்சாவூரிலிருந்து பல் டாக்டர் வருவார். கார் வைத்திருப்பவருக்கும் களம் கூட்டுகிறவருக்கும் அதே பெஞ்சு. அங்கே என் வேலை, சாவி வைத்திருப்பதும் பயப்படுவதும். இரண்டாவதைச் சம்பளம் வாங்காமலே செய்தேன்.

அந்தத் தை மாதம் சம்பா முற்றித் தலை சாய்ந்து நின்றது, அறுக்க ஆளில்லை. கூலி நெல்லை உயர்த்தாமல் அரிவாள் எடுப்பதில்லை என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கப் போவதாகப் பேச்சு. டீக்கடையில்கூட இரண்டு தரப்பும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து ஊதிக் குடித்தது. இந்த லட்சணத்தில் பல் டாக்டர் நாள் வந்தது. மன்றத்து வாசலில் மிராசுதாரின் கார் நின்றது. இறங்கியவருக்கு இடது கன்னம் கொழுக்கட்டை. பெஞ்சின் வாசல் முனையில், வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய நடவாள் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது கன்னம் கொழுக்கட்டை.

மன்றம் நின்ற மனை, மிராசுதாரின் அப்பா வாய்வார்த்தையாகக் கொடுத்தது. இவர் முகம் சுளித்தால் கஞ்சியும் மிஷினும் கேரமும் தெருவுக்கு வந்துவிடும். இது என் மூளைக்கு எட்டுவதற்குள் கால் ஓடிவிட்டது. மன்றத்திலிருந்த ஒரே நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தேன். அதில் மாட்டியிருந்த டாக்டரின் கோட்டு சரிந்து என் முகத்தை மூடியது. கண் தெரியாமல், "ஐயா உக்காருங்க, ஐயா உக்காருங்க" என்று தூணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, தூண் உக்காராது," என்றார் டீச்சரம்மா. "நாற்காலிய டாக்டருக்குப் போடுங்க. காலையிலேர்ந்து நிக்கிறாரு மனுஷன்."

மிராசுதார் வீங்கிய வாயால் கேட்டார்: "டீச்சர், இந்த எடம் யாரு குடுத்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்குங்க. கண்ணு டாக்டர்கிட்ட காட்ட வந்தப்ப ஒங்கப்பாவும் இந்தப் பெஞ்சுலதான் நகர்ந்தாரு." பிறகு பெஞ்சைப் பார்த்தார். "நகருங்க."

பெஞ்சு நகர்ந்தது. வாசல் முனையில், அக்காவுக்குப் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விழுந்தது. மிராசுதார் உட்காரவில்லை. நான் மனதுக்குள் சாவியை ஒப்படைத்துவிட்டேன்.

அக்கா சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு கிராம்பை எடுத்து நீட்டினார். மிராசுதார்களை 'ஆண்டே' என்று கும்பிட்டுக் கூப்பிடுவதைக் கூலி ஆட்கள் விட்டது அந்த வருஷம்தான்.

"கடவாயில அடக்கிக்குங்கய்யா. கூலிய அப்பறமா பேசிக்குவம். வலியோட பேசுனா நீங்க கொறச்சுத்தான் சொல்லுவீங்க."

பெஞ்சு முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தது. மிராசுதார் என்ன நினைத்தாரோ. பல் அவரை அதிகம் நினைக்க விடவில்லை. கிராம்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டீச்சரம்மா சொல்லச் சொல்ல, அக்காவுக்குப் பின்னாலேயே நகர்ந்தார்.

கூலி அன்றைக்கு முடிவாகவில்லை. அதற்கு இன்னும் கூட்டங்களும் போலீஸ் வண்டியும் வேண்டியிருந்தன. ஆனால் மனையை மிராசுதார் திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த மாதம் அடுத்த பல்லோடு வந்தபோது நாற்காலியையும் தேடவில்லை. ஊரே இரண்டாக நின்ற நாளில், ஒரு பெஞ்சை மட்டும் ஒன்றாக வைத்திருக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இப்போது நினைத்தாலும் என் கை இடுப்பில் சாவியைத் தேடுகிறது.

டீச்சரம்மா இன்று இல்லை. போன வாரம் கடவாய்ப்பல் குடைச்சலோடு அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். உள்ளே டாக்டரின் பல் குடையும் மிஷின் கிர்ரென்றதும் என் கால் வழக்கம்போல வீட்டைப் பார்த்துத் திரும்பியது. பின்னால், கன்னத்தைப் பிடித்தபடி ஒரு பள்ளிக்கூடச் சிறுமி நின்றிருந்தாள்.

"தாத்தா, நகருங்க."

நான் இன்னும் தாத்தா ஆகவில்லை என்று வாதாடியிருக்கலாம். நகர்ந்தேன்.