அறுபத்து மூன்று குப்பைகள்

இராசமலருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தமிழ் திருந்திவிடும். சாதாரண நாளில் "என்ன செய்யிறது" என்பவர், கோபத்தில் "என்ன செய்துவிட்டீர்கள்" என்று அச்சில் ஏற்றியதுபோலக் கேட்பார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், பதினான்கு வருடம் தட்டச்சு செய்த பழக்கம் அது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் அவரைத் தெரிந்தவர்கள், அவர் நல்ல தமிழ் கதைக்கத் தொடங்கினால் மெல்ல எழும்பிப் போய்விடுவார்கள். கம்ப்யூட்டர் கடை விக்னேஷுக்கு இது தெரியாது, பாவம்.

வார நாட்களில் இராசமலர் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில், சூப்பர்மார்க்கெட் பேக்கரியில் பாண் பைகளுக்குச் சீட்டு ஒட்டுவார். சனி ஞாயிறில் அவருடைய சாப்பாட்டு மேசையே கச்சேரியாகிவிடும். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் வந்து உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். அவர் ஒரு பழைய லேப்டாப்பில் அதைத் தமிழில் அடிப்பார். பிறகு மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலமாக்கி வக்கீலிடம் கொடுப்பார். அடிக்கும்போது இராசமலர், அவர்கள் சொன்ன சொல்லில் ஒன்று கூட்டவும் மாட்டார், ஒன்று குறைக்கவும் மாட்டார். "கொஞ்சம் உருக்கமாய் எழுதுங்கோ அக்கா" என்று கேட்ட ஒருவரை, தேத்தண்ணி குடித்து முடிக்கவிடாமலே வாசல் வரை கொண்டுபோய் விட்டவர்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு குளிர்காலத்தில் கடைசியாக வந்தவர் இரத்தினசிங்கம். நகரின் தெற்கே பாபடோயிட்டோயில் ஓர் அறையில் தனியாக இருந்தார். அறுபது வயது தாண்டிவிட்டது. முதல் விண்ணப்பம் தோற்று, மேன்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். மகனைப் பிடித்துக்கொண்டு போன நாளைச் சொல்ல அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு, "தங்கச்சி, இதை நான் ஒருக்காத்தான் சொல்லுவன். இன்னொருக்கா என்னால ஏலாது" என்றார்.

அச்செடுக்கப் போனால், டிஸ்கில் இடமில்லை என்று லேப்டாப் மறுத்துவிட்டது. சேமிக்கவே பழைய கடிதங்களை அழித்துத்தான் இடம் பிடித்திருந்தார். ஃப்ளொப்பியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதற்காகப் பிறகு தன்னைத்தானே ஏசிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல.

ஆக்லாந்தில் கம்ப்யூட்டர் கடைக்கா பஞ்சம்? வேலை செய்பவர் தமிழர் என்பதற்காகவே இந்தக் கடையைத் தேடிப் போனார். விக்னேஷ் கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது, கெட்டிக்காரர்.

"தம்பி, புது ஹார்ட் டிஸ்க் போடுங்கோ. ஆனால் உள்ளுக்க இருக்கிற ஒண்டும் போகக்கூடாது."

"கவலையே படாதீங்க மேடம். எல்லாத்தையும் பத்திரமா மாத்தித் தர்றேன்."

சனிக்கிழமை காலை, வேலை முடிந்த லேப்டாப்பை எடுக்க இராசமலரும் இரத்தினசிங்கமும் பஸ்ஸில் போனார்கள். முழங்கால் வலி என்று இரத்தினசிங்கம் கடைக்கு முன்னால் இருந்த பஸ் நிறுத்த வாங்கில் உட்கார்ந்துகொண்டார். இராசமலர் உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தார். பேக்கரி வேலை நேர அட்டவணை இருந்தது. வாடகை வீட்டுச் சொந்தக்காரருக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்கள் இருந்தன. தமிழ்க் கோப்புகள் இருந்த இடம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வேலைச் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி: அறுபத்து மூன்று கோப்புகள் குப்பை, மாற்றவில்லை.

"இதில இருந்ததெல்லாம் எங்க தம்பி?"

"அதுவா மேடம், வைரஸ் தின்னுடுச்சு. தொறந்து பார்த்தா எம், கே, செமிகோலன், எச்னு ஒரே குப்பை. புது டிஸ்க்குக்குப் பரவிடக் கூடாதேன்னு அதை மட்டும் விட்டுட்டேன். நல்ல ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு."

நல்ல ஃபைலாம். எத்தனை மணிக்குப் பாண் அடுக்குவது என்பது நல்ல ஃபைல். ஒரு தகப்பன் மூன்று ஞாயிறு உட்கார்ந்து சொன்னது குப்பை. வேறு யாராவது சொல்லியிருந்தால் தெரியாமல் சொல்கிறார் என்று விடலாம்; இவர் பேசுவதே தமிழ்!

அந்த நாளில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் ஏது? ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழைப் போர்த்திவிட்ட ஓர் ஏற்பாடுதான். அந்தப் போர்வைக்கு எழுத்துரு என்று பெயர். எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் போர்வை போய், வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் பல்லைக் காட்டும். விக்னேஷ் புது டிஸ்கில் அதைப் போடவில்லை. கடை மெஷினிலும் அது இல்லை.

இராசமலரின் தமிழ் திருந்திவிட்டது.

"எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அது என்னவென்று தெரியுமா உங்களுக்கு? அம்மா. நீங்கள் குப்பை என்று எழுதி வைத்திருப்பது அம்மா என்ற சொல்லை."

விக்னேஷ் விழித்தார். "ஃபாண்ட் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே மேடம்."

"ஒன்றும் போகக்கூடாது என்று சொன்னேன். நல்லது கெட்டது பார்த்துப் பிரிக்கும்படி உங்களிடம் சொல்லவில்லை. பழைய டிஸ்க் எங்கே?"

விக்னேஷின் முகம் மாறியது. பழைய டிஸ்குகளைத் துடைத்து மறுபடி விற்பது கடை வழக்கம். "காலைல இருந்து முதலாளி ஒவ்வொண்ணா அழிச்சிட்டு இருக்காரு" என்று மெல்லச் சொன்னார்.

"போய்ப் பாருங்கள்."

உள்ளே போனவர் வர நேரமெடுத்தது. இராசமலர் நின்றபடியே நின்றார். கண்ணாடிக்கு வெளியே இரத்தினசிங்கத்தின் முதுகு தெரிந்தது. அவரிடம் போய் எந்த வாயால் சொல்வது? சொல்லத்தான் வேண்டும் என்றால், தமிழன் ஒருவன் உங்கள் தமிழைக் குப்பை என்றான் என்றா சொல்வது?

விக்னேஷ் ஒரு டிஸ்கைக் கையில் ஏந்தி வந்தார். அழிக்க வேண்டியவை கிடந்த பெட்டியின் அடியில் இருந்ததாம். எழுத்துருவும் அதில்தான் இருந்தது. முதலில் அதைப் புது டிஸ்கில் போட்டார். பிறகு அறுபத்து மூன்றையும் மாற்றினார். இராசமலர் சுட்டிய கோப்பைத் திறந்ததும் திரை முழுக்கத் தமிழ் வந்து நின்றது. எழுத்தைக் கண்டதும் வாய் தன்பாட்டில் வாசிக்குமே, அப்படி விக்னேஷ் வாசித்தார்.

"என் மகன் அன்று காலை பாண் வாங்கப் போனான். சைக்கிள் முன் சில்லுக்குக் காற்றுக் காணாது என்று நான் சொன்னேன். வந்து அடிக்கிறேன் என்றான்…"

அதற்கு மேல் அவர் வாசிக்கவில்லை. "மன்னிச்சிருங்க அக்கா" என்றார். மேடம் என்ற அழைப்பு போய்விட்டது.

மன்னிப்பெல்லாம் பிறகு. இராசமலர் வேலைச் சீட்டை அவர் முன்னால் தள்ளினார்.

"குப்பை என்ற சொல்லை வெட்டுங்கள்."

வெட்டினார்.

"தமிழ் என்று எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்."

அதையும் எழுதினார். பிறகு கடை பிரிண்டரிலேயே பதினெட்டுத் தாளையும் அச்செடுத்து, தட்டிச் சீராக்கிக் கொடுத்தார். இராசமலர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

இரத்தினசிங்கம் எழும்பி நின்றிருந்தார். கடைக்குள் ஏதோ பிழை நடந்தது என்பது அவருக்கு எப்படியோ விளங்கியிருந்தது. ஒரு கை வாங்கின் முதுகைப் பிடித்திருந்தது.

"அழிஞ்சு போச்சோ தங்கச்சி? நான் திரும்பவும் சொல்ல வேணுமோ?"

"இல்லை அண்ணை. ஒண்டும் சொல்லத் தேவையில்லை. எல்லாம் இருக்கு."

தாள்களை நீட்டினார். இரத்தினசிங்கம் வாங்கி, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.