சிவப்பு எழுத்தில் இம்பார்ட்டண்ட்

டைப் அடிக்கிறவனுக்கு வேலை விரலில், வேதனை காதில். மனு அடித்துப் பிழைத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் உத்திரமேரூரில், ஒரு சர்க்கார் ஆபீஸுக்கு எதிரே, தமிழுக்கு ஒரு மிஷின், இங்கிலீஷுக்கு ஒரு மிஷின் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்லாமே சிவப்பு

மனு தமிழில்தான். ஆனால் அதன் தலையில் இங்கிலீஷில், சிவப்பில், ‘இம்பார்ட்டண்ட்’ இருந்தே ஆகவேண்டும். கூடவே ‘அர்ஜெண்ட்’. பம்புசெட்டுக்குக் கரண்ட் கேட்டாலும் சரி, பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னாலும் சரி. அந்த இரண்டு வார்த்தைக்காகத் தாளை உருவி அடுத்த மிஷினில் சொருகுவேன். இதனால் பலன் உண்டா என்று ஆபீஸ் கிளார்க்கை டீக்கடையில் கேட்டேன். “எல்லாமே செவப்பா கீதுப்பா. கருப்புல ஒண்ணு வந்தா அதைத்தான் மொதல்ல எடுக்கறேன்” என்றார்.

அவசரமில்லாதவர்

கார்த்திகையில் மழை விட்ட ஒரு மத்தியானம், மானாம்பதியிலிருந்து முனுசாமி என்று ஒருவர் வந்தார். கூலிவேலைக்காரர். அவர் தெருக்காரர்களின் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. மழைக்காலத்தில் வயல் தண்ணீரில் இடுப்பளவு இறங்கித்தான் பிணத்தைத் தூக்கிப்போகவேண்டும். பாதை கேட்டு மனு. கிளார்க் சொன்னதை நினைத்து, தலையில் போடுவதையும் கருப்பிலேயே அடிக்கிறேன் என்றேன். தலையாட்டினார். அவர் பக்கத்தில் நின்றிருந்த நேரமெல்லாம் எனக்குக் குளிரெடுத்தது. மழைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். வழக்கம்போல இரண்டு வார்த்தையையும் அடிக்கப்போனபோது தடுத்தார். “அர்ஜெண்ட் வோணாம் சார். எனக்கு இனிமே அவசரம் இல்ல. இம்பார்ட்டண்ட்னு மட்டும் போடு.”

கைநாட்டு

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி ஆபீஸ் கடிதத்தோடு வந்தார். பாதைக்கு அளக்க வருகிறார்களாம். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மனு போட்டது யார் என்று கேட்கத்தான் அந்த அம்மாள் வந்திருந்தார். வீட்டில் மாமனார் இன்றோ நாளையோ என்று கிடக்கிறார். அதற்குள் பாதை வரவேண்டுமே என்று அந்த அம்மாளுக்குக் கவலை. முனுசாமி கைநாட்டு வைத்த நகலை எடுத்து நீட்டினேன். மை ரேகைக்குக் குறுக்கே, அரிவாள் பட்ட தழும்பு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அதையே வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். “இது எங்க வூட்டுக்காரர் வெரலுதான் சார். அவரு ஐப்பசி மழையிலயே செத்துட்டாரு. தண்ணி வடியட்டும்னு ரெண்டு நாளு வூட்லயே வெச்சிக்கினு இருந்தோம். அவுங்க அப்பாவுக்கும் அப்பிடி ஆவக்கூடாதுன்னு வந்திருப்பாரு.”

மார்கழியில் பாதை போட்டார்கள், பெரியவரை நனையாமல் கொண்டுபோனார்கள். நான் மட்டும் அதன்பிறகு, அர்ஜெண்ட் வேண்டாம், இம்பார்ட்டண்ட் போதும் என்று யார் சொன்னாலும், அவர் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் தாளைச் சொருகினேன்.