ஆடியில் காலி செய்த வீடு

பினாங்கில் இருக்கும் எங்கள் மசாலாக் கடைக்கு ஏலக்காய் வாங்கி அனுப்பத்தான் போடிக்கு வந்தேன். பதினோரு மாத அக்ரிமென்ட்டில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். அவருக்குப் பஜார் கடையே கதி என்பதால் வீட்டு ராஜ்யம் முழுக்க அவர் மனைவியுடையது. நான் அக்கா என்பேன். சாயங்கால டீ எங்களுக்குச் சேர்ந்துதான்.

பாதியிலேயே நான் கிளம்ப வேண்டி வந்தது. பினாங்கில் தலைப்பிரசவத்துக்கு இருந்த என் மகளை, படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னை விட்டால் அவளுக்கு ஆளில்லை. பிள்ளை பிறக்குமுன் வெளியே சொன்னால் கண் பட்டுவிடுமே! அதனால் அக்காவிடம் "சொந்த வேலை" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

"ஆடியிலயா? ஆடியில யாரும்மா வீடு காலி பண்ணுவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஐந்து வேளை தொழுகிறவர். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். நம் இருவரில் ஆடி யாருக்கு என்று கேட்டேன்.

"ஊருக்கு இருக்குல்ல. ஆவணி வரைக்கும் வீட்டுக்கு ஆளு வராது."

மறுநாள், மலையில் மழை, ஜீப்பு ஓடாது என்றார். நான் போக வேண்டியதோ கீழே மதுரைக்கு, விமானம் ஏற. அடுத்த நாள் மாடிக் குழாயை மாற்றித் தருவதாகச் சொன்னார். காலி செய்யக் காரணம் மிக்சி சத்தமா, மீன் வாடையா என்று குடைந்தார். கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"என் மகள் பிள்ளைத்தாச்சி, அக்கா. வலி வந்தால் ஆடி பார்க்குமா?"

"இதச் சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கண் பட்டுடும்னு..."

"இவ ஆடிக்கு என்னையப் பாத்துச் சிரிச்சா!"

அதன்பிறகு என்னைவிட அவருக்குத்தான் அவசரம். பெட்டியில் பாதி இடத்தை அவர் இடித்துத் தந்த பிரசவ மருந்துப் பொடியே பிடித்துக்கொண்டது.

ஆட்டோவில் சாமான் ஏற்றும்போது வீட்டு புரோக்கர் வந்தார். "ஏக்கா, போன வாரமே குடிவர ஆளு ரெடியா இருந்துச்சு, நீங்கதான் வேணாம்னீக. இப்பவாச்சும் வரச் சொல்லவா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஆட்டோ சக்கரத்தைப் பார்த்தார்.

"நீ ஒரு மாசமாச்சும் கூட இருப்பேன்னு பாத்தேன்" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஆட்டோவுக்குள் தள்ளினார்.

"வெரசா போ. அங்க ஒருத்தி ஆத்தாளத் தேடிக்கிட்டுக் கெடப்பா."