ஒன்பது மணி நேரம் கேட்ட எபிநேசர்

செய்தி எனக்கு ஒரு டூட்டி மாற்றமாகத்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். எங்கள் ஷூ கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவில் மறுநாளுக்கான டிரைவர் அட்டவணையை எழுதிக்கொண்டிருந்தேன். டிரைவர் அஸ்லம் போன் செய்தார். "நாளைக்கு பேரணாம்பட்டு ரூட்டுக்கு வேற ஆளப் போடும்மா. எபி அண்ணன் போய்ட்டாரு." வார ஓய்வில் வீட்டில் இருந்தவருக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி. அட்டவணையில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. விடுப்பு, உடல்நலமின்மை, டூட்டி மாற்றம் என்ற மூன்றைத் தவிர வேறெதையும் நான் அதில் எழுதியதில்லை. அன்று அதை வெறுமையாக விட்டேன்.

எபிநேசர் எங்கள் கம்பெனிப் பேருந்தின் டிரைவர், டிரைவர்கள் சங்கத்தின் செயலாளர். சங்க மலரில் இதைப் படிக்கும் உங்களில் பலர் அவருடன் பல வருடம் வண்டி ஓட்டியவர்கள். எனக்கு அவரைத் தெரிந்தது மூன்று வருடம்தான், அதுவும் சாவி கொடுக்கும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து. நாங்கள் பேசியவை அதிகமில்லை. நான் யாரோடும் அதிகம் பேசுவதில்லை.

நான் சேர்ந்த வருடம் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பேச்சுவார்த்தையில் குறிப்பெடுக்க என்னை உட்காரவைத்தார்கள். ஒரு டிரைவர் இரவு சாவியைக் கொடுப்பதற்கும் மறுநாள் சாவியை வாங்குவதற்கும் நடுவில் ஒன்பது மணி நேரம் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அதோடு "டிரைவர் சம்மதித்தால் குறைத்துக்கொள்ளலாம்" என்று சேர்க்க நிர்வாகம் விரும்பியது. "அவசர ஷிப்மென்ட் வந்தா கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்ல, எபிநேசர்" என்றார் மேனேஜர். எபிநேசர் தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "சம்மதிச்சாங்கறத மட்டும் அடிச்சிடுங்க சார். எங்காளுங்க உங்க மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. அதனாலதான் தாள்ல எழுதச் சொல்றேன்." மதியம் வரை அதிலேயே நின்றார். கடைசியில் அந்த வார்த்தையை அடித்துவிட்டார்கள்.

வெளியே காத்திருந்த டிரைவர்கள் கொண்டாடவில்லை. கூடுதல் ட்ரிப்புக்குக் கிடைக்கும் பேட்டா போய்விடுமே என்ற கோபம். "இன்னா அண்ணே, நாங்க ஜாஸ்தி ஓட்னா உனுக்கு இன்னா பேஜாரு?" என்று கேட்டவர் அஸ்லம். அவருக்கு இன்று அது நினைவிருக்கும். எபிநேசர் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பின்னாடி அம்பது பொம்பளைங்க தூங்கினு வருவாங்க. அவங்க தூங்கலாம். நீ தூங்கக்கூடாது." பேரணாம்பட்டிலிருந்து அப்படித் தூங்கிக்கொண்டு வருபவர்களில் என் அம்மாவும் ஒருவர். தையல் பிரிவில் இருக்கிறார்.

ஆனால் எல்லாவற்றையும் மறுப்பவர் அல்ல அவர். டிரைவர்கள் தங்களுக்குள் டூட்டியை மாற்றிக்கொள்ளும் உரிமையை அதே ஒப்பந்தத்தில் வாங்கித் தந்தவரும் அவர்தான். போன வருடம் மகளின் நர்சிங் படிப்பு முடிந்த விழாவுக்காக, தன் பகல் டூட்டியை அஸ்லமுக்குக் கொடுத்துவிட்டு அவருடைய மாலை டூட்டியை வாங்கிக்கொண்டார். டூட்டி மாற்றச் சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இரவு ஒன்பதரைக்குச் சாவியைக் கொடுப்பார், காலை ஐந்தரைக்கு எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் குறைகிறது. அந்த விதியை வாங்கியவரிடமே அதை எப்படிச் சொல்வது? பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அவர் ஒன்பது மணி நேரம் முடியட்டும் என்று ஆறரைக்குத்தான் வண்டியை எடுத்தார். பேரணாம்பட்டு ரூட் பெண்கள் அனைவருக்கும் தாமதம், அரை நாள் சம்பளம் போயிற்று. அம்மா வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்த்தார். "பெரிய செயலாளராம். வண்டிய நேரத்துக்கு எடுக்கத் துப்பு இல்ல." நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நிர்வாகம் விளக்கம் கேட்டது. "மாற்றிக் கேட்டவன் நான், மணியைக் கணக்குப் பார்க்காதவனும் நான்" என்று எழுதிக் கொடுத்தார். என் கையெழுத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிறகு ஜன்னலுக்கு வந்தார்.

"நீ பாத்த இல்ல?"

"பாத்தேன்ணே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க செயலாளர்..."

"ஏன், செயலாளருக்குத் தூக்கம் வராதா?" என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புதன்கிழமை அவருடைய ஊரில் மாலை அடக்கம். எல்லா டிரைவர்களும் போக விரும்பினார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் வரும்வரை காத்திருக்கப் பெண்கள் சம்மதித்தார்கள். போய்த் திரும்பி, மாலை ட்ரிப்பை முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது பத்து மணியாகிவிடும். காலை ஐந்தரைக்கு மறுபடி எடுக்க வேண்டும். அஸ்லம் காலையிலேயே ஒரு தாளோடு வந்தார். எங்களுக்குச் சம்மதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"அவருக்காக ஒரே ஒரு நாள்மா."

"முடியாதுண்ணே" என்றேன்.

"இன்னாம்மா இது? எபி அண்ணனுக்கே முடியாதா?"

"அவர் அடிச்ச வார்த்தைய நீங்க திரும்ப எழுதினு வந்திருக்கீங்க."

அஸ்லம் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் கூப்பிடாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை வேலையை ஒன்றரை மணி நேரம் தள்ளித் தொடங்கக் கேட்டேன். "ஷிப்மென்ட் இருக்கே?" என்றார். "ஏழு மணிக்கு முன்னாடி சாவி தர முடியாது சார்" என்றேன். அவர் தையல் பிரிவுக்குப் போன் செய்து வேலையைத் தள்ளித் தொடங்கச் சொன்னார்.

எல்லோரும் அடக்கத்துக்குப் போனார்கள். நான் போகவில்லை. சாவிகளை வாங்கி வைக்க ஆள் வேண்டியிருந்தது. இரவு அம்மாவிடம், போன வருடம் வண்டி தாமதமானதற்கு என் கையெழுத்தும் காரணம் என்று சொன்னேன். அம்மா, "அந்த மனுஷன் இருக்கும்போது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார்.

சொல்லியிருக்கலாம். எபிநேசரிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'முடியாது' என்கிற ஒரு சொல்தான். இப்போதும் மெதுவாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்கிறது.