சரோஜத்தின் காட்டுமிருகக் காசுமாலை

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து சரோஜத்துக்குப் பொன்னாசை கிடையாது. பொன்னில் ஒரு பாண்டா உட்கார்ந்திருந்தால் மட்டும் தலைகால் புரியாது.

முப்பத்தொன்றாம் வயதில் அவள் புருஷன் போய்விட்டார். காரியம் முடியுமுன்பே கழுத்து, காது, கை எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவளிடமிருந்து பொன்னையும் பறிப்பதற்குச் சாஸ்திரம் என்று கௌரவமான ஒரு பெயர் இருக்கிறது. வழிப்பறிக்காரனுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் விதவை பொன்னை அணியக்கூடாது என்றவர்கள், பெட்டியில் வைத்துப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

சரோஜத்துக்கு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. பக்கத்து நாற்காலி சுசீலாபாயின் தம்பி கப்பலில் இருந்தான். அவன் சீனாவிலிருந்து கொண்டுவந்த தங்கக் காசில் இருந்ததுதான் முதல் பாண்டா. நகமளவு தங்கத்தில் மூங்கில் தின்னும் அந்தக் குண்டுப்பயலை நினைத்து அன்று பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். அதன்பிறகு வெளிநாடு போகிற யாரும் அவளிடமிருந்து தப்பவில்லை.

"சாக்லேட் வேண்டாம், சென்ட் வேண்டாம். மிருகம் போட்ட தங்கக் காசு இருந்தா கொண்டு வா, கேட்டோ."

அதற்கென்றே சீட்டுக் கட்டினாள். ஆட்டோவை விட்டு நடந்தாள். கங்காரு வந்தது, ஆப்பிரிக்க மான் வந்தது, யானையும் புலியும் வந்தன, கடைசியில் காண்டாமிருகமே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு, விளிம்பை மட்டும் பிடித்து, ஒவ்வொன்றையும் குசலம் விசாரிப்பாள்.

தொண்ணூற்றெட்டில் மைத்துனர் ஸ்ரீகண்டனின் மகள் பிருந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

"சித்தி, ஊஞ்சல்ல நீங்களும் எனக்குப் பால் விடணும். மிருகங்களைக் கழுத்துல போட்டுண்டு வரணும். இல்லேன்னா நான் உக்காரவே மாட்டேன்" என்றாள் பிருந்தா.

ஊஞ்சலில் ஆடும் பெண், மாப்பிள்ளை இருவர் காலிலும் பால் விட்டு, மஞ்சளும் சிவப்புமாய்ச் சோற்றுருண்டை சுற்றிப் போடுவது சுமங்கலிகள் மட்டுமே செய்கிற சடங்கு. விதவை தூண் மறைவில் நிற்க வேண்டும். சரோஜத்துக்குப் பயம் பாதி, குதூகலம் பாதி. மறுநாளே பழவங்காடியில் தட்டான் தளவாயிடம் போனாள்.

"ஓட்டை போட்டுக் கோத்துரட்டுமாம்மா? சட்டுனு முடிஞ்சிரும்."

"பாண்டா வயத்துலயா ஓட்டை போடுவேள்? ஒரு கீறல் விழப்படாது. சுத்தி வளையம் பண்ணி அதுல உக்கார வையுங்கோ."

"காசுமாலைன்னா லட்சுமில்லா இருப்பா. இதுல கங்காரு நிக்கே."

"லட்சுமி எல்லார் கழுத்துலயும் இருக்கா. பாவம், கங்காருவுக்கு யார் இருக்கா?"

தளவாய் சிரித்துவிட்டு வளையம் செய்தான்.

கரமனைக் கல்யாண மண்டபத்தில் ஊஞ்சல் பாட்டு உச்சத்தில் இருந்தபோது சரோஜம் அரக்குப் புடவையும் காட்டுமிருகங்களுமாக வந்து வரிசையில் நின்றாள். பாட்டு பாதியில் அறுந்தது. ஸ்ரீகண்டன் ஓடிவந்தார்.

"என்ன வேஷம் இது? சம்பந்தியாத்துல என்ன நினைச்சுப்பா?"

"மிருகசாலை டிக்கெட் இல்லாம வந்திருக்குன்னு நினைச்சுப்பா. வழி விடுங்கோ அண்ணா."

பால் கிண்ணத்தை யாரும் அவளிடம் நீட்டவில்லை. அவளே எடுத்தாள். குனிந்து பிருந்தாவின் காலில் பாலை விட்டாள். மாலை முன்னால் சரிந்து மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே ஆடியது.

"இது காண்டாமிருகமா?" என்றான் மாப்பிள்ளை, சடங்கையே மறந்து.

பிருந்தா களுக்கென்று சிரித்தாள். சிரித்த வேகத்தில் ஊஞ்சல் எகிறியது. கிண்ணத்துப் பாலில் பாதி ஸ்ரீகண்டனின் ஜரிகை வேஷ்டியில் அபிஷேகமாயிற்று. சிரிப்பு முன்வரிசையில் பிடித்துக் கடைசி வரிசை வரை ஓடியது.

அடுத்து நின்றவள் மாப்பிள்ளையின் அம்மா. சிரிப்பு அடங்கி எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் சரோஜத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"கிண்ணத்தைக் குடுங்கோ, நாழியாறது. மிச்சப் பாலாவது எனக்கு இருக்கட்டும். அந்த மான் எந்த ஊரு?"

"ஆப்பிரிக்கா."

"நன்னா இருக்கு. நின்னுண்டே இருந்தா எப்படி, உருண்டையை எடுத்துண்டு சுத்துங்கோ."

சரோஜம் இரண்டு கையிலும் உருண்டைகளை அள்ளிக்கொண்டு ஊஞ்சலைச் சுற்றினாள். பாட்டு மறுபடி கிளம்பியது. மூன்றாம் சுற்றில் அவள் நடக்கவில்லை, ஓடினாள்.