மூன்றாம் நம்பர் சொன்ன ‘வரேன்’

இது நடந்தது. கதை கட்டுகிற சாமர்த்தியம் ஸ்ரீரங்கனுக்குக் கிடையாது. வயிற்றுவலி என்று பொய்யாக லீவு எழுதிக் கொடுத்தால்கூடக் காது சிவந்துபோகும் ஆள். அமாவாசை, சுடுகாடு, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். எல்லாம் பட்டப்பகலில், அடையாறில், ஏ.சி. போட்ட ஓர் அறையில் நடந்தது. வருஷம் 1979.

ஸ்ரீரங்கனுக்கு ஓர் இன்ஜினீயரிங் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அவனும் உடன் வேலை பார்த்த மாணிக்கவாசகமும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்கள். ஆபீஸ் வாசலில் நோட்டீஸ் போர்டு தொங்குமே, அதைக் கம்ப்யூட்டருக்குள் தூக்கி வைப்பதுதான் திட்டம். கிளைக்கொரு டெலிடைப் இருக்கும். டெலிடைப் என்றால் தானாகவும் தட்டிக்கொள்ளும் டைப்ரைட்டர், அவ்வளவுதான். டெலிபோன் லைன் வழியாக உள்ளே வந்து தகவல் எழுதி வைக்கலாம், அடுத்தவர் எழுதியதைப் படிக்கலாம். அடையாறு ஒன்றாம் நம்பர். தி.நகர் இரண்டு. மயிலாப்பூர் மூன்று.

புரோகிராமை ஓடவிடுவதற்கு முன் அதற்குச் சில விஷயங்களைச் சொல்லித்தர வேண்டும். எந்த நம்பர் எந்தக் கிளை, யாருக்கு என்ன ரகசியச் சொல், லைனை விட்டு வெளியேறுகிறவர் என்ன தட்ட வேண்டும், அதற்கு மெஷின் என்ன பதில் சொல்ல வேண்டும்... மெஷினுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள். வெளியேறும் சொல்லாக ‘போறேன்’ என்று வைக்கலாமா என்று ஸ்ரீரங்கன் கேட்டதும் மாணிக்கவாசகம் அடிக்காத குறை.

“ஏன்யா, நல்ல வாயே வராதா உனக்கு? எவனாவது போறேன்னு சொல்லிட்டுப் போவானா? ‘வரேன்’னு வை. மெஷின் ‘வாங்க’ன்னு சொல்லட்டும்.”

அப்படியே வைத்தார்கள். தன் ரகசியச் சொல்லையும் மாணிக்கவாசகம் அன்றே தட்டி வைத்தான். என்னவென்று ஸ்ரீரங்கனிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை, மயிலாப்பூர் கிளையில் டெலிடைப்பைப் பொருத்தப் போகிறேன் என்று அபிராமபுரம் வீட்டிலிருந்து மாணிக்கவாசகம் நடந்தே கிளம்பினான். மனைவி சொர்ணத்திடம் “வரேன்” என்றான். மயிலாப்பூருக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம். சொர்ணத்துக்கு அவனை விட்டால் உலகத்தில் யாருமில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தாள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அவனுடைய சிநேகிதர்களை எல்லாம் ஸ்ரீரங்கன் தட்டி எழுப்பிக் கேட்டான். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

புதன்கிழமை மத்தியானம், மானேஜரின் நச்சரிப்பு தாங்காமல், ஸ்ரீரங்கன் தனியாக உட்கார்ந்து புரோகிராமை முதன்முதலாக ஓடவிட்டான். காபி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் டெலிடைப் கடகடவென்று தட்டியது.

மூன்றாம் நம்பர் உள்ளே வந்திருந்தது. ரகசியச் சொல் சரி.

‘வந்துட்டேன்.’

ஸ்ரீரங்கன் துள்ளிக் குதித்தான். ஆள் உயிரோடு இருக்கிறான்! உட்கார்ந்து தட்டினான்: ‘எங்கேய்யா இருக்கே?’

‘இங்கதான்.’

‘எப்ப வருவே?’

பிறகு, ‘கூப்பிடணும்.’ அடுத்த வரியில், ‘வரேன்.’ மெஷின் தன் பாட்டுக்கு ‘வாங்க’ என்று அடித்துவிட்டு நின்றது.

ஸ்ரீரங்கன் மயிலாப்பூருக்குப் போன் போட்டான். கிளையைப் பார்த்துக்கொள்ளும் மெஹபூப் அலி எடுத்தார்.

“மாணிக்கவாசகத்தைக் கூப்பிடுங்க, பாய்.”

“அவரு எங்க சார் வந்தாரு?”

“வராமலா டெலிடைப்பை மாட்டினார்?”

“இன்னா சார் பேசற? மரப்பொட்டி வந்தது வந்தபடி கீது. ஒரு ஆணிகூடப் புடுங்கல.”

வேறெங்கோ மாட்டியிருப்பான் என்று ஸ்ரீரங்கன் தன்னையே தேற்றிக்கொண்டான். சொர்ணத்துக்கு ஆள் அனுப்பினான். வந்தவள் அந்தக் காகிதத்தைப் பார்த்து அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கூப்பிடணும்னா... யார் கூப்பிடணும் சார்?”

அவள் டெலிடைப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளும் வந்தது. இப்போது ஸ்ரீரங்கன் கேள்வியைத் தட்டி முடிப்பதற்குள் பதில் வந்து விழுந்தது. ‘யாரோட...’ என்று தட்டினான்.

‘தனியாத்தான்.’

அப்போதுதான் அவன் லைன் விளக்கைப் பார்த்தான். யாராவது உள்ளே வந்தால் அது எரிய வேண்டும். எரியவில்லை. டெலிபோன் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

‘வரேன்.’

‘வாங்க.’

ஒயர் அவன் கையில்தான் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது...

உயிரோடு இருக்கிறவன் ஒயர் இல்லாமல் பேசுவானா? செத்தவன் வரேன் என்கிறான். இந்தப் பாழாய்ப்போன மெஷின் வாங்க வாங்க என்கிறது! அதைச் சொல்லச் சொன்னது யார்? நாம்தானே? ஸ்ரீரங்கன் அன்று சாயங்காலமே புரோகிராமைத் திறந்து ‘வாங்க’வை அடியோடு எடுத்தான்.

வெள்ளிக்கிழமை. சொர்ணம் அதே நாற்காலியில்.

நாலரைக்குத் தட்டியது.

‘வரட்டுமா?’

மெஷின் பதில் சொல்லவில்லை.

‘வரட்டுமா?’

அறையில் மல்லிகை வாடை. சொர்ணம் பூ வைத்திருந்தாள். இத்தனை நாளில் அன்றுதான் வைத்திருந்தாள்.

‘வரட்டுமா?’

அவள் எழுந்தாள். குனிந்தாள். தப்பில்லாமல், ஒவ்வோர் எழுத்தாக...

‘வாங்க.’

“ஐயோ, என்ன பண்றேள்!” பயத்தில் அவனுக்கு ஆத்துப் பேச்சு வந்துவிட்டது.

“என் வீட்டுக்காரர் சார். நான் கூப்பிடாம வேற யாரு கூப்பிடுவா?”

புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். வீட்டில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். ஸ்ரீரங்கன் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு மெயின் சுவிட்சை அணைத்தான். விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன.

இருட்டில்...

டெலிடைப் தட்டியது.

தீக்குச்சி கிழித்துப் பார்த்தான்.

‘வரோம்.’

ஓடினான். ஆட்டோ பிடித்தான். அபிராமபுரம் போய் இறங்கியபோது சொர்ணத்தின் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு ஆரோக்கியமேரி குடத்தோடு நின்றிருந்தாள்.

“சொர்ணம் எங்கேம்மா?”

“இப்பதான் சார் போச்சி. புருசன் வந்து இட்டுக்கினு போனாரு.”

“நீ பார்த்தியா? மாணிக்கவாசகமா?”

“அவருதான். உள்ளாற வரல. கேட்டாண்டயே திரும்பிக்கினு நின்னாரு.”

“மூஞ்சியைப் பார்த்தியா?”

“முதுகுதான் சார் தெரிஞ்சிச்சி...” மேரி குடத்தைக் கீழே வைத்தாள். “அது என்னாண்ட வந்து ‘போறேன் மேரி’ன்னுச்சி சார். இன்னாடி பேச்சு, வரேன்னு சொல்லுடின்னு திட்னேன். சிரிச்சிக்கினே போயிருச்சி.”

சொர்ணம் அதற்குப் பிறகு எங்கேயும் கிடைக்கவில்லை. யாரும் பார்க்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ் ஸ்ரீரங்கனைப் பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறைக்குக் கூட்டிப்போனது. லாரியில் அடிபட்ட, அடையாளம் தெரியாத பிணம் ஒன்று. மாணிக்கவாசகம்தான். சனிக்கிழமை காலை பத்தரைக்கே உயிர் போயிருந்தது. புரோகிராம் ஓடியதோ புதன்கிழமை.

ஸ்ரீரங்கன் தலையாட்டினான். துணியை இழுத்து மூடப்போன பிணவறை ஆள் நிறுத்தினான்.

“இன்னா சார், நீ இவருதான்ற? அந்தம்மா இல்லன்னுச்சே?”

“எந்த அம்மா?”

“திங்கக்கெழம போலீசு ஒரு அம்மாவ இட்டாந்துச்சி. ரொம்ப நேரம் பாத்துக்கினே நின்னுச்சி. நெத்திய தடவிக் குடுத்துச்சி. ‘எங்க வீட்டுக்காரர் இல்ல’ன்னு சொல்லிச்சி, கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல. போலீசு வெளிய போனப்புறம் குனிஞ்சி இவரு காதுல இன்னாவோ கேட்டுச்சி சார்.”

“அப்புறம்?”

“கொஞ்ச நேரம் அப்டியே குனிஞ்சிருந்துச்சி. அப்பால ‘சரி’ன்னு சொல்லிட்டுப் போச்சி.”