இரண்டு ஐரின்

குடும்ப மரம் போடும் புது மென்பொருள் எதை இறக்கினாலும் ஐரின் டீச்சர் முதலில் உள்ளே ஏற்றுவது மூன்றே பேரை. அம்மா, அக்கா, தான். அக்காவின் பெயரும் ஐரின்தான். பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது பேதி கண்டு போய்விட்டாள். அடுத்து இவர் பிறந்ததும், ஆசை ஆசையாகத் தேடி வைத்த பெயர் வீணாகப் போக வேண்டாம் என்று அப்பா அதையே இவருக்கும் வைத்துவிட்டார். மூன்று பேரையும் ஏற்றியதும் டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு திரையையே முறைத்துப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் ஓரமாக ஒரு மஞ்சள் கட்டம் எட்டிப் பார்க்கும். இந்த இருவரும் ஒரே ஆளா? ஒன்றாக்கிவிடலாமா? "ஆங், வந்துட்டான்யா" என்பார். கேட்பதில் தப்பில்லை. இல்லை என்று சொன்ன பிறகும் நச்சரிக்கிறதா என்பதுதான் பரீட்சை. மறுநாளும் அதே கேள்வியோடு வந்து நின்றால் அந்த மென்பொருளுக்கு டீச்சரின் விளாங்குடி வீட்டில் இடம் கிடையாது.

ஐரின் டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் ரவிக்கைக் கையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிடுவார். உள்பக்கத் தையலைப் பார்க்காமல் அவரால் எதையும் நல்லது என்று சொல்ல முடியாது. குடும்ப வரலாற்று மென்பொருளுக்கும் அதே கதிதான். ஏற்றிய விவரங்களைப் பொதுவான கோப்பாக வெளியே எடுத்து, வெறும் எழுத்தாகத் திறந்து, வரிவரியாக ஆராய்வார். அம்மாவின் பெயர் தமிழிலேயே வந்திருக்கிறதா, இல்லை கட்டம் கட்டமாகச் சிதறியிருக்கிறதா? குறிப்புகள் பாதியில் அறுந்திருக்கின்றனவா? "வெளிய பளபளன்னு எவன் வேணா காட்டுவான். உள்ள திருப்பிப் பாத்தாத்தான் பிசிறு தெரியும்" என்பார்.

தேவாலயப் பங்கில் பாதிப் பேருக்கு இப்போது பரம்பரைப் பித்து பிடித்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்களாம். எந்த மென்பொருள் நல்லது, எது சும்மா கிடைக்கும் என்று பூசை முடிந்ததும் டீச்சரைக் கோயில் வாசலிலேயே மடக்குவார்கள். டீச்சர் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிட மாட்டார். "சும்மா தாரேம்பான். அம்பது பேரு வரைக்கும் சும்மா. அம்பத்தொண்ணாவதா ஒரு பிள்ள பொறந்தா காசு! நம்ம சனத்துல ஒரு சித்தப்பா வீட்டுலயே அம்பது தாண்டிருமே" என்று ஆரம்பிப்பார். அவர் கஞ்சம் இல்லை. நல்ல சாமான் என்றால் ஒரு தடவை காசு கொடுத்து வாங்கலாம் என்றுதான் சொல்வார். மாதாமாதம் கட்டச் சொன்னால்தான் கோபம் வரும். "எங்க தாத்தனுக்கு நான் வாடக கட்டணுமா? சரி, வாடக வீடுன்னே வச்சுக்க. காலி பண்ணும்போது பொட்டி சட்டியத் தூக்கிட்டு வரவாவது விடணும்ல? சில பயலுக அதுக்கும் விடமாட்டான்."

கீழக்குயில்குடி ஆட்டோக்காரர் அழகுபாண்டி, குலசாமி கும்பிடும் பங்காளிகளை எல்லாம் ஒரே தாளில் பார்க்க ஆசைப்பட்டு வந்தார். அவர் கட்டியிருப்பது சொந்த அக்கா மகளை. மென்பொருள் மிரண்டுபோய், அவரை இரண்டு இடத்தில் போட்டுச் சிவப்பாக ஒரு ஆச்சரியக்குறியையும் குத்திவிட்டது.

"என்ன டீச்சர், நான் ரெண்டு எடத்துல இருக்கேன்?"

"ஒரு எடத்துல நீ தாய்மாமன். இன்னொரு எடத்துல மாப்ள."

"செவப்பா என்னமோ குத்தியிருக்கானே?"

"மொறை தப்பா இருக்கலாமாம். சரி பாக்கச் சொல்லுது."

"சரி பாக்க இவன் யாரு டீச்சர்? பொண்ணக் குடுத்த எங்க அக்காளே சும்மா இருக்கு!"

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அந்த மென்பொருளையும் அன்றைக்கே அழித்தார். நம் வீட்டு வழக்கத்தைப் பிழை என்று சொல்கிறதை வைத்துக்கொண்டு காலம் முழுக்க மல்லுக்கட்ட முடியாது என்பது அவர் கட்சி.

சிரிப்பெல்லாம் ஊராருக்கு. தன் வீட்டு மஞ்சள் கட்டத்தில் மட்டும் அவருக்குச் சிரிப்பு வராது. சிறுமியாக இருந்தபோது கல்லறைத் திருநாளுக்குப் போனால், அம்மா ஆனிமேரி தாத்தா கல்லறையில் மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, மிச்சம் ஒன்றைச் சுற்றுச்சுவர் ஓரத்து வெறும் தரையில் ஊன்றுவார். சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. யாருக்கு என்று கேட்டால் "பேசாம வா" என்பார். ஒரு வருடம் அத்தைதான் காதோரம் குனிந்து, "உங்க அக்காவுக்குடி. ஒம்பேருதான் அவளுக்கும்" என்று சொன்னார். அன்றிலிருந்து யாராவது ஐரின் என்று கூப்பிட்டால் இவருக்குள் ஒரு நொடி தயக்கம். அறுபது வயதைத் தாண்டியும் அது போகவில்லை.

இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரே சொடுக்கில் கெடுத்தான் சென்னையில் இருக்கும் தம்பி ஜெரால்ட். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு தளத்தில் குடும்ப மரம் போட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் சேர்த்திருந்தான். அங்கேயும் அந்தக் கேள்வி வந்திருக்கிறது. அவன் யோசிக்காமல் ஆமாம் என்று அமுக்கிவிட்டான். ஐரின் டீச்சர் பதினோரு மாதத்தில் இறந்து, அதற்கப்புறம் பள்ளிக்கூடம் போய், இன்பசேகரனைக் கல்யாணம் செய்து, ஒரு மகளையும் பெற்றவர் ஆனார். பிப்ரவரி மாதம் ஒரு காலையில் அந்தத் தளம் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் மின்னஞ்சல் தட்டியது: இன்று ஐரின் நினைவு நாள்.

திருமங்கலத்திலிருந்து அத்தை மகள் ஜாய்ஸ் பதறிக்கொண்டு போன் போட்டாள்.

"இன்பசேகரன் அண்ணனா?"

"நாந்தான் பேசுறேன் ஜாய்ஸு."

"மதினி... நீங்களா? இருக்கீங்களா?"

"இருக்கேன்டி. இட்லி ஊத்திக்கிட்டு இருக்கேன்."

அன்று முழுக்க வந்த அழைப்புகளுக்கெல்லாம் இதையே சொல்லிச் சிரித்தார். சாயங்காலம்தான் உறைத்தது. அந்தக் குழந்தையின் நினைவு நாளில் இம்புட்டுப் பேர் ஐரின் பெயரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அழுதுவிட்டார். அப்புறம் தம்பியின் மரத்தைப் பிரிக்க உட்கார்ந்தார். ஒன்றாக்க ஒரு சொடுக்கு போதும். பிரிப்பது இரட்டைத் தையல் போட்ட துணியைப் பிரிக்கிற மாதிரி வேலை. எந்தத் தேதி யாருடையது, எந்தக் குறிப்பு யாருடையது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார்.

இப்போது பிரச்சினை முற்றியிருக்கிறது. அடுத்த வாரம் அம்மாவுக்கு எண்பத்தைந்து. குடும்ப மரத்தைப் பெரிதாக அச்சடித்து மண்டபத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. அதில் அக்காவுக்குக் கட்டம் வேண்டாம் என்கிறான் ஜெரால்ட்.

"அம்மா இத்தன வருசத்துல ஒரு தடவையாச்சும் அந்தப் பேச்ச எடுத்துருக்காங்களாக்கா? பொறந்த நாளும் அதுவுமா எதுக்கு அழுக வைக்கணும்? எடுத்துருவோம். ஐரின்னு நீ ஒருத்தி இருந்தாப் போதும்."

"எடுத்துருவோம்னா? சட்டையில ஒட்டுன நூலாடா அவ?"

போனை வைத்துவிட்டாரே தவிர, தம்பி சொன்னது மனதை அரித்தது. அம்மா உடைந்துபோனால்? குறுக்கெழுத்தில் மூழ்கியிருந்த கணவரிடம் போய் நின்றார். "எனக்குன்னு அளவெடுத்து வச்ச பேரு இல்லீங்க இது. அவ போட்டுக் கழட்டுனது. அவளுக்குன்னு ஒரு கட்டமாச்சும் வேணாமா?" இன்பசேகரன் பேனாவை மூடினார். "வேணுமா வேணாமான்னு ஒங்க அம்மாவுல்ல சொல்லணும்" என்றார்.

அம்மாவிடம் எப்படிக் கேட்பது? அத்தை காதோரம் சொன்ன நாளிலிருந்து கேட்காத கேள்வி. டீச்சர் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் மத்தியானம், கணினியில் ஏதோ ஒரு புது மென்பொருளை இறக்கி, வழக்கம்போல மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். அதே மேசையின் மறுபக்கம் ஆனிமேரி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மஞ்சள் கட்டம் எட்டிப் பார்த்தது. டீச்சர் பழக்கத்தில் "ஆங்" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்.

"என்ன கேக்குது அது?" என்றார் அம்மா.

டீச்சர் பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தார். "ரெண்டு ஐரினும் ஒரே ஆளான்னு கேக்குதும்மா."

கீரைக் காம்பை உருவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீ என்ன சொன்ன?"

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலம்மா."

ஆனிமேரி முந்தானையில் கையைத் துடைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவளுக்கு வலது காதுக்குப் பின்னாடி மச்சம் உண்டு. ஒனக்குக் கெடையாது" என்றார்.

டீச்சர் அம்புக்குறியை 'இல்லை' என்பதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். அம்புக்குறியை 'இல்லை' என்பதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இத அமுக்கணுமா?"

"ஆமாம்மா. அமுக்குங்க."

அம்மா அமுக்கினார். கீரைச் சாறு பச்சையாக ஒட்டியிருந்த விரல் அப்படியே அழுந்தி நின்றது. விரலை எடுத்தால்தான் மென்பொருள் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளும். ஐரின் டீச்சர் அதைச் சொல்லாமல், அம்மாவாக எடுக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.